மருந்து பட்ட கை

அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை காலை நாகஜோதி எம். புதுப்பட்டிக்குள் ஸ்கூட்டரைத் திருப்பினாள். தின்ற இரண்டு இட்லி வழியிலேயே செரித்துவிட்டது. புதன்கிழமை பேசிய பேச்சுதான் இன்னும் செரிக்காமல் இருந்தது.

அந்தப் பேச்சை நீங்கள் மறந்திருந்தாலும் பாதகமில்லை. அவள் மறக்கவில்லை. அங்கன்வாடியில் இருபத்திநாலு தாய்மார்களை உட்கார வைத்து, மாரித்தாயின் மூணு வயசு மகள் ஓவியாவின் கையைத் தூக்கிப் பிடித்து, "இந்தக் கையைப் பாருங்க. இதுல தண்ணி பட்டு எத்தனை நாளாச்சு? கை கழுவத் தெரியாத வீட்டுக்கு எந்தக் களிம்பைக் குடுத்து என்ன பிரயோசனம்?" என்று கேட்டாளே, அந்தப் பேச்சு.

மாரித்தாய் அன்றைக்கு மகளின் கையை வாங்கி முந்தானைக்குள் மூடிக்கொண்டாள். மறுநாளே, "புண்ணு ஆறுற வரைக்கும் பிள்ளையைக் கூட்டிட்டு வராதே" என்று அங்கன்வாடியில் சொல்லிவிட்டார்கள்.

நாகஜோதி மருந்து செய்கிறவள். விருதுநகரில் ஒரு மருந்தியல் கல்லூரியின் ஆய்வகத்தில் இரண்டரை வருடமாக ஒரே ஒரு களிம்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகளுக்கான சிரங்குக் களிம்பு. பழைய களிம்பைப் பூசினால் சொறிந்த இடமெல்லாம் எரியும். மறுநாள் டப்பாவைக் கண்டாலே பிள்ளை கட்டிலுக்கடியில் புகுந்துகொள்ளும். எரியாமல், பிசுபிசுக்காமல், நாறாமல் ஒன்று வேண்டும். கந்தகம்தான் மூலப்பொருள். அதை மாவைவிட நைசாக்கி, நாற்றத்தை அடக்கி, இனிப்பு வாசம் சேர்த்தால் பிள்ளை விரலை நக்கிவிடுமே என்று பயந்து அதையும் கைவிட்டு, கடைசியில் முகப்பவுடர் வாசத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

கல்லூரியின் நெறிமுறைக் குழு ஆய்வுக்கு அனுமதி கொடுத்தது. இந்த ஊரில் இருபத்திநாலு பிள்ளைகள். மூன்று நாள் தொடர்ந்து, கழுத்திலிருந்து கால் விரல் வரை.

பதிமூன்று பேருக்குச் சுத்தமாக ஆறிவிட்டது. பதினோரு பேருக்கு உடம்பெல்லாம் ஆறி, கையில் மட்டும் ஆறவில்லை. கையில் தங்கியது மறுபடியும் உடம்புக்கு ஏறியது.

கையில் மட்டும் ஏன்?

அந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்கவில்லை. தானே பதில் எழுதிவிட்டாள். அறிக்கையின் ஆறாம் பக்கத்தில், ஒரு முழுப் பத்தி. தாய்மார்களிடம் கை சுத்தம் பற்றிய பழக்கம் இல்லாமையே காரணம்.

அறிக்கை இன்று மாலை ஐந்து மணிக்குள் துறைத்தலைவர் பிரபாகரனுக்குப் போக வேண்டும். நாளை குழு கூடுகிறது. ஓவியாவை ஆய்விலிருந்து விலக்கும் தாளில் அவள் அம்மாவின் கையெழுத்து மட்டும் பாக்கி.

மாரித்தாய் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிறு என்பதால் பட்டாசுக் கம்பெனி லீவு. ஸ்கூட்டரைப் பார்த்ததும் ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள்.

"வாங்கம்மா. வண்டியை நிழல்ல போடுங்க, சீட்டு சுட்டுரும்."

"இருக்கட்டும் மாரித்தாய். ஒரு கையெழுத்துக்குத்தான் வந்தேன். உடனே கிளம்பணும்."

"என்ன தாளும்மா?"

"ஓவியாவை இதுல இருந்து விலக்குறோம். நீ வேற டாக்டர்கிட்டக் காட்டிக்க. அதுக்கு ஒரு சம்மதம்."

மாரித்தாய் தாளை வாங்கவில்லை. கொடியில் பாதி தொங்கிய பாவாடையை இழுத்துச் சரிசெய்தாள். மறுபடியும் சரிசெய்தாள். 

"ஒரே ஒரு தடவை நான் போடுறதைப் பாத்துட்டுப் போங்கம்மா" என்றாள். "அதுக்குப் பெறகு எங்கன வேணாலும் கையெழுத்துப் போடுறேன். நான் சரியாப் போடலன்னு ஊரே சொல்லுது. எங்க தப்புன்னு நீங்களாவது சொல்லிட்டுப் போங்க."

நாகஜோதி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். போன மாதம் வந்தபோது அதில் உட்காரவேயில்லை. மல்லாங்கிணற்றில் நாகஜோதியின் அப்பா காட்டில் மாரித்தாயின் அம்மா பருத்தி எடுத்திருக்கிறாள். அதை மாரித்தாய்தான் முதல் நாளே சொன்னாள், சந்தோஷமாக. அதற்குப் பிறகு நாகஜோதியின் வாயில் "நீ" என்பது தானாக வந்து ஒட்டிக்கொண்டது. இருவருக்கும் வயசு ஏறக்குறைய ஒன்றுதான்.

ஓவியா ஜட்டியோடு வந்து நின்றாள். சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி இரண்டு கையையும் விரித்தாள். பழகிய வேலை.

"இது எரியாத மருந்துல்லம்மா?"

"எரியாது தங்கம். டாக்டரம்மா செஞ்சது."

"அந்த டாக்டரம்மாவா? கத்துற டாக்டரம்மாவா?"

"ஏய், சும்மா நில்லு."

மாரித்தாய் பூசினாள். நாகஜோதி பல நர்சுகளைப் பார்த்திருக்கிறாள். இத்தனை பொறுமையாக யாரும் பூசியதில்லை. கழுத்து மடிப்பில், அக்குளில், தொப்புளைச் சுற்றி, கால் விரல் இடுக்கு ஒவ்வொன்றிலும். பிள்ளை கூச்சத்தில் நெளிந்து நெளிந்து சிரித்தது. எரியவில்லை. ஒட்டவில்லை. இரண்டரை வருடத்து உழைப்பு கண்ணெதிரே ஒரு சிரிப்பாக நின்றது. நாகஜோதி தன்னை மறந்து புன்னகைத்தாள்.

கடைசியில் கை. விரல் இடுக்கு, மணிக்கட்டு, நகக்கண். அங்கேதான் சிரங்கைக் கொண்டுவரும், கண்ணுக்குத் தெரியாத பூச்சி குடியிருக்கும். மாரித்தாய் அங்கேயும் ஒரு இடம் விடவில்லை.

பிறகு வாளியை இழுத்தாள். சோப்பு எடுத்தாள். ஒரு பிடி தேங்காய் நார் எடுத்தாள்.

"கை வேண்டாம்மா" என்றாள் ஓவியா. "கை வேண்டாம், கை வேண்டாம்."

களிம்புக்குச் சிரித்த பிள்ளை தண்ணீரைக் கண்டு அழுதது. மாரித்தாய் அதன் இரண்டு மணிக்கட்டையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு, சோப்புப் போட்டு, நாரால் விரல் விரலாகத் தேய்த்தாள். நுரை இளஞ்சிவப்பாக வடிந்தது.

"என்ன பண்ற?" நாகஜோதி எழுந்துவிட்டாள். "மாரித்தாய்! ஏன் கழுவுற?"

"மருந்து பட்ட கையில்லையாம்மா?"

"அதனால?"

"அதனாலயா?" மாரித்தாய் நிமிர்ந்து பார்த்தாள், இது என்ன கேள்வி என்பது போல. "நான் பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிறவ. கேட்டைத் தாண்டுறப்ப போர்மேன் கையை நீட்டச் சொல்லித்தான் வெளிய விடுவாரு. மருந்து பட்ட கையோட வீட்டுக்கு வந்து நான் பிள்ளையைத் தொட்டதே கிடையாது. இதுலயும் கந்தகம்தானே போட்டிருக்கீக? பவுடர் வாசம் போட்டா எங்களுக்குத் தெரியாதா? பிள்ளை கையை வாயில வைக்கும். கழுவாம எப்படிம்மா விடுறது?"

நாகஜோதி வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அதுமட்டுமா? நீங்கதானே எழுதியே குடுத்திருக்கீக."

மாரித்தாய் உள்ளே போனாள். ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறையோடு வந்தாள். அதற்குள் நாலாக மடித்த தாள். களிம்போடு கொடுத்த வெளிர்பச்சை விளக்கத்தாள்; ஏழு வரி. அடியில் நாகஜோதியின் பெயரும் போன் நம்பரும். மாரித்தாய் விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, ஐந்தாவது வரியைப் படித்தாள்.

"மருந்து பட்ட கையை, உடனே, சோப்புப் போட்டு, நன்றாகக் கழுவவும்."

நாகஜோதி அந்தத் தாளை வாங்கி ஒரு தடவை படித்தாள். திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மறுபடியும் படித்தாள்.

அவள் எழுதியது அதற்கு நேர்மாறாக இருந்தது.

"எல்லாருமே... கழுவுனீங்களா?"

"தாளைப் படிச்சவுக அம்புட்டுப் பேரும் கழுவுனோம். மாரிக்கண்ணன் பொண்டாட்டி அன்னைக்கே தொலைச்சுப்புட்டா. இன்னும் கொஞ்சப் பேரு அடுப்புப் பத்த வச்சுட்டாக. அவுக பிள்ளைகளுக்கெல்லாம் என்னமோ ஆறிருச்சு. குடுத்து வச்சவுக."

பதினோரு பேர் படித்தவர்கள். பதிமூன்று பேர் தொலைத்தவர்கள்.

அவளுடைய கணக்கு முழுக்க அந்த ஒரு வாக்கியத்தில் நேரானது. சொன்னதைக் கேட்டவர்களின் பிள்ளைகளுக்குத்தான் புண்.

"புதனுக்குப் பெறகு இன்னும் கூடக் கழுவுறேன்மா" என்றாள் மாரித்தாய், துண்டால் மகளின் கையை ஒற்றிக்கொண்டே. "ஒரு நாளைக்கு அஞ்சு தடவை. நீங்க எல்லாரு முன்னாடியும் கழுவலன்னு சொன்னீகல்ல. நார் போட்டுத் தேய்க்கிறதும் அதுக்குப் பெறகுதான். இருக்கன்குடி கோயிலுக்கு நேந்து கை உருவம்கூட வாங்கி வச்சிருக்கேன். இன்னும் என்ன செய்யணும்னு தெரியல."

ஓவியாவின் உள்ளங்கை தோலுரிந்த நுங்கு மாதிரி இருந்தது.

இப்போது சொல்லியிருக்க வேண்டும். இந்த இடத்தில், இந்த வாசலில், அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருக்க வேண்டும். நாகஜோதி பையைத் தோளில் மாட்டினாள்.

"இன்னைக்குக் கழுவாதே" என்றாள். "கையில ஒண்ணும் போட வேண்டாம். நார் வேண்டவே வேண்டாம்."

"ஏம்மா?"

"வந்து சொல்றேன்."

"கையெழுத்து?"

"வேண்டாம்."

விளக்கத்தாளை மாரித்தாயிடமே கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். அது ஓட்டமில்லை என்று அவளால் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடியவில்லை.

*

சிவகாசியில் சீசன் நேரத்தில் அச்சகங்களுக்கு ஞாயிறு கிடையாது. அவள் புருஷன் அழகுராஜாவின் பிரஸ்ஸிலும் இரண்டு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. சங்குசக்கரப் பெட்டி அட்டைகள் ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்துகொண்டிருந்தன.

அழகுராஜா நல்ல அச்சுக்காரன். பிழை பார்ப்பதில் இந்த ஊரில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவன் வெளியில் சொல்லாத பெருமை. மனைவி உள்ளே வந்ததைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான்.

"என்ன ஜோதி, இங்கனயே வந்துட்ட? சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வர்றேன்னுதானே சொன்னேன்."

"என் நோட்டீஸோட புரூஃப் இருக்கா?"

"இல்லாமயா? என் பிரஸ்ஸுல காணாமப் போன தாளுன்னு ஒண்ணு உண்டா?"

இரண்டே நிமிஷத்தில் கிளிப்போடு எடுத்துவந்தான். அவள் ஐந்தாவது வரிக்குப் போனாள்.

கைகளில் பூசிய மருந்தை மறுநாள் காலை வரை கழுவக் கூடாது.

அந்த வரியைச் சிவப்பு மையால் நீளமாக அடித்து, பக்கத்தில் அழகான எழுத்தில் புது வரி எழுதியிருந்தது. அதற்கு நேர் கீழே, "சரி" என்று போட்டு, அவளுடைய கையெழுத்து.

அந்த மத்தியானம் ஞாபகம் வந்தது. இதே பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். காதில் போன். பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். ஆங்கில அறிக்கையை ஒன்பது தடவை திருத்தியவள். இது தமிழ்த் தாள்தானே, ஊர்ச்சனத்துக்குத்தானே என்று நினைத்தாள். வார்த்தையாக நினைக்கவில்லை, ஆனால் நினைத்தாள்.

"இதை யாரு அடிச்சது?"

"நான்தான்" என்றான் அழகுராஜா, பாராட்டை எதிர்பார்த்த முகத்தோடு. "கழுவக் கூடாதுன்னு டைப் ஆயிருந்துச்சு. சிவகாசியில எவனாவது மருந்து பட்ட கையைக் கழுவாதேன்னு அச்சடிப்பானா? எத்தனை லட்சம் பட்டாசுப் பெட்டி அடிச்சிருக்கேன். எல்லாத்துலயும் போடுற வரிதானே. நல்லவேளை என் கண்ணுல பட்டுச்சு, இல்லாட்டி..."

அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

அவள் சொன்னாள். சத்தம் போடாமல், மெஷின் இரைச்சலுக்கு நடுவில், ஒவ்வொன்றாக. கை, வாளி, நார், நுரையின் நிறம். பாதியில் அழகுராஜா கையை உயர்த்தி ஆட்களுக்குச் சைகை காட்டினான். ஒரு மெஷின் நின்றது. பிறகு இன்னொன்றும் நின்றது.

மெஷின் நின்ற பிரஸ் எப்படி இருக்கும் என்று அந்த ஆட்களுக்கே மறந்துபோயிருக்கும். ஒருவன் காரணம் தெரியாமல் வெளியே போய் நின்றுகொண்டான். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தாளில் இரண்டு பேர் கையெழுத்தும் இருந்தது, ஒன்று சிவப்பிலும் ஒன்று நீலத்திலும்.

"அந்தப் பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?"

"ஆறிரும். நம்ம ரெண்டு பேரும் கையை வைக்காம இருந்தா ஆறிரும்."

அவன் அதை வாங்கிக்கொண்டான். பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்தான்.

"என்ன செய்யப் போற?"

"அறிக்கையை மாத்தணும்."

"குழு ஒத்துக்கிட்ட வாசகத்தை மாத்தி அடிச்சோம்னு தெரிஞ்சா?"

"நிறுத்திருவாங்க."

"களிம்பு?"

"களிம்பும் நிக்கும். எத்தனை வருஷத்துக்குன்னு தெரியாது."

"நல்ல களிம்புன்னு நீதானே சொன்ன. பிள்ளை சிரிச்சுச்சுன்னு இப்பத்தானே சொன்ன. ஒரு வரிக்காக அதைக் குழி தோண்டிப் புதைக்கணுமா?" குரலைத் தாழ்த்தினான். "அந்தப் பதினோரு பிள்ளைகளுக்கும் சரியான தாளைக் குடுத்து மறுபடியும் போடச் சொல்லு. ஆறிரும். யாருக்கு என்ன நட்டம்?"

"ஆறாம் பக்கம்?"

"அதுல யாரு பேரும் இல்லையே."

"அவ கழுவிக் கழுவித்தான் புண்ணாக்கியிருக்கா. அவளைப் பாத்து நான், கை கழுவத் தெரியாதவன்னு..." 

அழகுராஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்ததையே துடைத்தான்.

"மருந்து எச்சரிக்கையைத் தப்பா அடிச்சவன்னு பேரு வந்தா, இந்த ஊர்ல எனக்கு அப்புறம் என்ன இருக்கு ஜோதி?" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் திருப்பிப் பேசியிருப்பாள். கேட்கிற மாதிரி சொன்னான்.



"நீ வீட்டுக்குப் போ" என்றான் கடைசியில். "நான் பாத்துக்கிறேன்."

எதைப் பார்த்துக்கொள்வான் என்று அவள் கேட்கவில்லை. படியிறங்கும்போது பின்னால் ஒரு மெஷின் மட்டும் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

*

அவள் வீட்டுக்குப் போகவில்லை. புதுப்பட்டி ரோட்டில் ஒரு வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். வெயில் நகர்ந்தது. அவளும் அதோடு இரண்டு தடவை நகர்ந்து உட்கார்ந்தாள். வேறு எதுவும் செய்யவில்லை.

மூன்றரைக்கு பிரபாகரன் கூப்பிட்டார்.

"மேடம், வரைவைப் படிச்சிட்டேன். அந்த ஆறாம் பக்கம் ரொம்பத் தெளிவா வந்திருக்கு. கிராமத்துச் சூழ்நிலையை நேரா பார்த்து எழுதியிருக்கீங்க. கையெழுத்துப் போட்ட பிரதியை அஞ்சு மணிக்குள்ள அனுப்பிருங்க."

"சரி சார்" என்றாள்.

போனை வைத்த பிறகுதான் தன் வாயிலிருந்து வந்த வார்த்தை அவள் காதில் விழுந்தது. உட்கார்ந்த இடத்திலேயே முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை. யாரும் பார்க்காதபோது வருகிற வெட்கத்துக்கு ஒளிந்துகொள்ள இடம் கிடையாது.

பிறகு எழுந்து ஸ்கூட்டரை ஊருக்குள் விட்டாள்.

மாரித்தாய் அடுப்படியில் இருந்தாள். ஓவியா மூலையில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தது, இரண்டு கையையும் தலைக்கு மேலே போட்டபடி. நாகஜோதி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ச் சுவரோரம் கீழே உட்கார்ந்தாள்.

"நாற்காலி இருக்கேம்மா."

"வேண்டாம். மாரித்தாய், நீங்க கொஞ்சம் உட்காருங்க."

மாரித்தாய் கரண்டியோடு திரும்பினாள். "என்னம்மா புதுசா, நீங்க நாங்கன்னுக்கிட்டு? என்ன செஞ்சுபுட்டீக?"

"அந்த அஞ்சாவது வரி தப்பு. கழுவக் கூடாதுன்னுதான் நான் எழுதினேன். அச்சாகும்போது மாறிப்போச்சு. மாறினதைப் படிக்காம நான் கையெழுத்துப் போட்டுட்டேன்."

அடுப்பில் குழம்பு கொதித்தது. மாரித்தாய் அதை அணைக்கவில்லை.

"அப்ப, நான் கழுவுனதாலதான் என் பிள்ளைக்கு ஆறலையா?"

"இல்ல. நாங்க கழுவச் சொன்னதால."

"கழுவுனது என் கைதானே."

 நாகஜோதி தரையைப் பார்த்தாள். குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்து கருகும் வாசம் வந்தது. அப்போதுதான் மாரித்தாய் அடுப்பை அணைத்தாள். பாயருகே போய்க் குனிந்து மகளின் கையைத் தொடப் போனாள். தொடாமல் கையை எடுத்துக்கொண்டாள்.

"அது கதறக் கதறத் தேய்ச்சேனேம்மா" என்றாள்.

 நாகஜோதி பாய்ப்பக்கம் நகர்ந்தாள்.

"என்னை மன்னிச்சிருங்க. அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

மாரித்தாய் திரும்பினாள். கண் சிவந்திருந்தது; குரல் நிதானமாக இருந்தது.

"நீங்கன்னு சொன்னா என் பிள்ளை கை ஆறிருமா?"

"இல்ல."

"அன்னைக்கு அம்புட்டுப் பேரு முன்னாடி சொன்னீக, மைக்கு வைக்காத குறையா. இன்னைக்கு அடுப்படிக்குள்ள வந்து, காதோட சொல்லிட்டுப் போறீக. குழம்புக்கு மட்டும் கேட்டா போதுமாம்மா?"

"போதாது."

"நாளைக்கு ஒம்பது மணிக்கு எல்லாப் பொம்பளைகளும் பிள்ளைகளை விட அங்கன்வாடிக்கு வருவாக. அங்கன வந்து சொல்லுங்க. நான் மன்னிக்கிறதா இல்லையாங்கிறதை அதுக்குப் பெறகு பாப்போம்."

"வர்றேன்" என்றாள் நாகஜோதி.

அப்போது வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது. அந்த வண்டியின் சத்தத்தை அவள் தூக்கத்திலும் அடையாளம் கண்டுகொள்வாள்.

அழகுராஜா வாசல்படிக்கு வெளியே நின்றான். ஒரு கையில் புதிய வெளிர்பச்சைத் தாள்களின் சின்னக் கட்டு. அதே தாள், அதே எழுத்து, அடியில் அதே பழைய தேதி; ஐந்தாவது வரி மட்டும் வேறு. இன்னொரு கையில் மடிப்பு விழுந்த, எண்ணெய்க்கறை படிந்த பழைய தாள்கள். பத்து இருக்கும். வீடு வீடாகப் போய் வந்திருக்கிறான்.

உள்ளே மனைவி தரையில் உட்கார்ந்திருப்பதை அவன் முதலில் பார்க்கவில்லை.

"மாரித்தாயி வீடு இதானே? ஏத்தா, களிம்புக்குக் குடுத்த நோட்டீஸு இருந்தா எடுத்தா. மை சரியா விழல. மத்தவுகளெல்லாம் குடுத்துட்டாக, உன்னதுதான் பாக்கி. புதுசு தர்றேன்."

மாரித்தாய் பிளாஸ்டிக் உறை இருந்த அலமாரியைப் பார்க்கவில்லை. நாகஜோதியைப் பார்த்தாள்.

நாகஜோதி எழுந்தாள். 

"குடுக்காதீங்க மாரித்தாய்."

"ஜோதி?" அழகுராஜா அப்போதுதான் அவளைப் பார்த்தான். "நீ இங்கன என்ன செய்ற? கொஞ்சம் வெளிய வா, பேசணும்."

"குடுக்காதீங்க" என்றாள் மறுபடியும்.

"நீங்க சொல்லாட்டியும் குடுத்திருக்க மாட்டேன்மா" என்றாள் மாரித்தாய். "எழுத்துக் கூட்டிப் படிக்கிறவதான். ஆனா பழசை வாங்கிட்டுப் புதுசு தர்றவுக எதுக்கு வருவாகன்னு எனக்கும் தெரியும்."

அழகுராஜா புதுத் தாளோடு கையை நீட்டியபடியே நின்றான். மடக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. பாயில் பிள்ளை புரண்டு படுத்தது.

நாகஜோதியின் பைக்குள் போன் அடித்தது. மணி ஐந்தாகப் பத்து நிமிஷம் இருந்தது. எடுத்தாள்.

"சார்" என்றாள். "ஆறாம் பக்கத்தை எடுத்துருங்க. அது தப்பு. தாய்மார்கள் எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்காங்க. விளக்கத்தாள்லதான் பிழை. குழுவுக்கு நானே நாளைக்கு வந்து சொல்றேன்."

 பிரபாகரனின் குரல், அடுப்படி முழுக்கக் கேட்கிற மாதிரி வந்தது.

"அனுமதி வாங்கின வாசகம் அது. அதை மாத்தினது யாரு மேடம்?"

நாகஜோதி புருஷனைப் பார்த்தாள்.